மலை ஏரியில் ஓர் இலையுதிர்காலப் பிற்பகல்: புதிதாக ஒளிப்படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

மலை ஏரிக்குப் பிற்பகலில் போய்ச் சேருகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, போன கையோடு ஏரியை எடுக்கத் தொடங்குவது. மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்கு ஏரி படத்துக்கு ஏற்ற நிலையில் இருக்காது. வெயிலில் மலைச்சரிவுகள் சூடேறுவதால் பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி ஏறும். தண்ணீர் முழுக்கச் சிற்றலை ஓடும். மாலையில் சரிவுகள் குளிர்ந்ததும் இந்தக் காற்று ஓயும். இரவானால் திசை மாறி, மலை மேலிருந்து கீழே இறங்கும். ஒன்று ஓய்ந்து மற்றொன்று தொடங்குவதற்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஏரி கண்ணாடியாவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள். வெயில் இருக்கும்போது இலைகள், அடுத்து காற்று படாத கரையோரம், கடைசியில் அகன்ற ஏரி. கீழே எல்லாம் இந்த வரிசையில்தான் வருகிறது.

கிளம்பும் முன்: வெயில் எப்போது போகும்?

செயலிகள் காட்டும் சூரிய மறைவு நேரம் சமதரைக்கானது. மலைக்கு அது பொருந்தாது. மேற்கே ஒரு முகடு இருந்தால் சூரியன் அதற்கு வெகு முன்பே ஒளிந்துவிடும். உயரக்கோடுகள் உள்ள வரைபடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஏரியிலிருந்து 2.5 கிலோமீட்டர் மேற்கே, ஏரிமட்டத்தைவிட 500 மீட்டர் உயரமான முகடு இருக்கிறது என்று வையுங்கள். கரையில் நிற்பவருக்கு அது அடிவானத்திலிருந்து சுமார் 11 டிகிரி உயரத்தில் தெரியும். நடு அட்சரேகைப் பகுதிகளில் மாலைச் சூரியன் மணிக்குப் பத்துப் பதினொரு டிகிரி இறங்குகிறது. அப்படியானால் உங்கள் ஏரியில் வெயில் போவது செயலி சொல்வதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால்.

ஏரிக்கே போய்விட்டால் வரைபடம் தேவையில்லை. கையை முழுக்க நீட்டி விரல்களை மடக்கினால் முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. முகட்டுக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு முஷ்டி பிடித்தால் இன்னும் ஒரு மணி நேரம் வெயில் இருக்கிறது. சூரியனை நேராகப் பார்க்காமல், அதைக் கையால் மறைத்தபடி அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, எந்தக் கரை. கடைசி வெயில் விழுவது ஏரிக்குக் கிழக்கே உள்ள மலையின் மேற்கு முகத்தில். அதைப் பார்க்க மேற்குக் கரையில் நிற்க வேண்டும். மேற்குக் கரைதான் முதலில் நிழலுக்குள் போகும். அது நமக்கு நல்லது, ஏன் என்று பின்னால் வருகிறது. இன்னொரு நுணுக்கம்: இலையுதிர்காலத்தில் சூரியன் நேர் மேற்கில் மறையாமல், மேற்கிலிருந்து நிலநடுக்கோட்டின் பக்கமாகச் சற்று விலகி மறையும். அதாவது வட அரைக்கோளத்தில் தென்மேற்காக, தென் அரைக்கோளத்தில் வடமேற்காக. கோடையில் எடுத்த ஒருவரின் படத்தைப் பார்த்து அதே இடத்தில் போய் நின்றால் வெளிச்சம் அதே பக்கத்திலிருந்து வராது.

நிறம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். குளிர் மேலே முதலில் வருவதால் இலைகள் மேலிருந்து கீழாக நிறம் மாறும். ஏரியைச் சுற்றி எல்லாம் உதிர்ந்துவிட்டதென்றால் கொஞ்சம் கீழே உள்ள இன்னொரு ஏரியில் அப்போதுதான் தொடங்கியிருக்கும். பச்சையம் சிதையும்போது, ஏற்கெனவே இலையில் இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, அது அந்தப் பருவத்தில் புதிதாக உருவாவது, அதற்கு வெயில் வேண்டும். அதனால் மேப்பிள் போன்ற மரங்களில் வெயில் படும் பக்கமும் உச்சியும்தான் நன்றாகச் சிவந்திருக்கும். ஒரே மரத்தை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு எடுப்பது இதனால்தான்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கேமரா, ரா கோப்பு (கேமரா தன் பங்குக்குத் திருத்தாமல், பதிவானதை அப்படியே தரும் கோப்பு) தரக்கூடிய எதுவாக இருந்தாலும் போதும். லென்ஸ் விஷயத்தில் மட்டும் ஒரு கருத்து: புதிதாக வருகிறவர்கள் 16 மி.மீ. மாதிரி மிக அகன்ற லென்ஸை வாங்கிக்கொண்டு வருவார்கள். அதில் எதிர்க்கரை மலை எறும்புப் புற்று அளவுக்குச் சுருங்கிவிடும். ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. பிலிம் அளவு சென்சார்) கணக்கில் 24–70 ஒன்றும் 70–200 ஒன்றும் இருந்தால் மலை ஏரியின் முக்கால்வாசி வேலை முடியும். ஒன்றுதான் தூக்க முடியும் என்றால் 24–105 மாதிரி ஒன்று.

ட்ரைபாட் கட்டாயம். கூடவே ஒரு போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்), 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று (வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), லென்ஸ் துடைக்கும் துணி மூன்று (ஒன்று நனையும், ஒன்று தொலையும்), ரிமோட் இல்லாவிட்டால் கேமராவின் 2 விநாடி டைமர். பேட்டரி இரண்டு, அதில் ஒன்றைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கிப்போகும். தீர்ந்ததாகக் காட்டிய பேட்டரியையும் உள்பையில் போட்டுச் சூடேற்றினால் பெரும்பாலும் இன்னும் சில படங்களுக்கு உயிர் வரும்.

தலையில் மாட்டும் விளக்கு ஒன்று. நல்ல படம் இருட்டுகிற நேரத்தில் கிடைப்பது, திரும்புவது இருட்டில். ரப்பர் பூட்ஸ் இருந்தால் தண்ணீருக்குள் ஓரடி இறங்கி நிற்கலாம். காற்று நின்றதும் குளிர் சட்டென்று இறங்கும். நடக்கும்போது வேர்த்த சட்டையோடு இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்கப் போகிறீர்கள், மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்று எடுத்துப் போங்கள். கவனம் எல்லாம் கேமரா மேல் இருக்கும்போது ஆளை முதலில் தோற்கடிப்பது இந்த ஈரச் சட்டைதான்.

கேமராவில் முதலில் மாற்ற வேண்டியவை

நடக்கத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள், பிறகு விரல் விறைத்திருக்கும். கோப்பு வகை ரா. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. அபர்ச்சர் முன்னுரிமை முறை (லென்ஸ் துளையின் அளவை நீங்கள் வைப்பீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும்), எஃப்/8 அல்லது எஃப்/11. அதற்கு மேல் எஃப்/16, எஃப்/22 என்று மூடினால் எல்லாம் கூர்மையாகும் என்று தோன்றும், ஆனால் சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்கச் சற்று மழுங்கும்.

ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள். மாலை வெயிலின் மஞ்சளைக் கேமரா ஏதோ பிழை என்று நினைத்துத் திருத்திவிடும். வெயில் அடையாளமுள்ள அமைப்பில், அதாவது சுமார் 5,500 கெல்வினில், நிறுத்தி வையுங்கள். ராவில் பிறகு மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் திரையில் தெரியும் நிறத்தைப் பார்த்துத்தானே அடுத்த படத்தை முடிவு செய்கிறீர்கள்.

ஹிஸ்டோகிராமில் (இடது ஓரம் கருமை, வலது ஓரம் வெண்மை என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் வகையைத் திறந்து வையுங்கள். இலையுதிர்காலத்தில் இது மிக முக்கியம். வெயிலில் சிவந்த மேப்பிளை எடுத்தால் பொது ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்று சொல்லும். ஆனால் சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நசுங்கியிருக்கும். விளைவு, இலை நரம்பே தெரியாத சிவப்புப் பூச்சு. சிவப்பு முட்டினால் எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) மூன்றில் ஒரு ஸ்டாப், மூன்றில் இரண்டு ஸ்டாப் என்று குறையுங்கள்.

வெயில் இருக்கும்வரை: இலைகள்

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையை இங்கே மறந்துவிடலாம். மஞ்சள் இலை மெல்லியது, ஒளி ஊடுருவும். சூரியனுக்கு எதிராக நின்று பார்த்தால் பிர்ச், ஆஸ்பென், லார்ச் எல்லாம் உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஒளிரும். அதே மரத்தை மறுபக்கம் போய்ப் பார்த்தால் சப்பென்று இருக்கும். ஒரு மரம் பிடித்திருந்தால் அதைச் சுற்றி நடந்து, எந்தக் கோணத்தில் இலை ஒளிர்கிறது, பின்னணி எங்கே இருட்டாக இருக்கிறது என்று பாருங்கள். ஒளிரும் இலைக்குப் பின்னால் நிழலில் கிடக்கும் ஊசியிலைக் காடோ மலைச்சரிவோ வந்தால் பாதிப் படம் தானாகவே அமைந்துவிட்டது என்று அர்த்தம். பின்னணியாக வெளுத்த வானம் வந்தால் இலையின் நிறம் செத்துவிடும்.

வெயிலுக்கு எதிரே எடுக்கும்போது லென்ஸின் முன் கண்ணாடியில் நேர் வெயில் விழக்கூடாது. லென்ஸ் ஹூட் போதாமல் போகும்; தொப்பியாலோ உள்ளங்கையாலோ நிழல் விழச்செய்து, கை படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒரு விரல் தடம் இருந்தாலும் இந்த வெளிச்சத்தில் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆகும்.

காற்று இருக்கிறதே என்றால், இந்தக் கட்டத்தில் ட்ரைபாட் உதவாது. அது கேமராவின் அசைவைத்தான் நிறுத்தும், இலையின் அசைவை அல்ல. ஷட்டர் வேகம் 1/250 வரும்வரை ஐஎஸ்ஓவை 400, 800 என்று ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்த கூர்மையான இலை, சுத்தமாக எடுத்த மங்கல் இலையைவிட எவ்வளவோ மேல்.

எதிர்க்கரையை 150, 200 மி.மீ. நீளத்தில் துழாவுங்கள். ஊசியிலை மரங்களின் கரும்பச்சைக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு மஞ்சள் மரம், கரைக்கோட்டில் வரிசையாக நிற்கும் வெள்ளை அடிமரங்கள், இப்படி வெட்டி எடுக்கும் துண்டுகள் அகன்ற காட்சியைவிடப் பெரும்பாலும் நன்றாக அமையும். வானத்தை விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

மேகம் மூடிய நாளாக இருந்தால் ஏமாற வேண்டியதில்லை. நேர் வெயிலில் வரும் பளபளப்பு இல்லாததால் ஈர இலையின் நிறம் அன்றைக்குத்தான் ஆழமாக வரும். வானம் சட்டத்துக்குள் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

போலரைசரை எப்போது கழற்ற வேண்டும்

புதியவர்கள் மலை ஏரியில் அதிகம் சிக்குவது இந்த ஒரு ஃபில்டரில். ஈர இலைகளிலும் பாறைகளிலும் உள்ள வெள்ளைப் பளபளப்பை இது எடுத்துவிடும், அடியில் இருக்கும் நிறம் வெளியே வரும். அதற்காகத்தான் வாங்குகிறோம். ஆனால் ஏரியில் தெரியும் மலையின் பிம்பமும் ஒரு பளபளப்புதான். அதையும் இது எடுத்துவிடும். நீர்ப்பரப்போடு சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும் இடத்தில் இதன் வேலை உச்சத்தில் இருக்கும். படத்தில் பார்த்தால், காலடிக்குச் சற்று முன்னால் உள்ள தண்ணீரில் பிம்பம் காணாமல்போய் அடியில் கிடக்கும் கற்கள் தெரியும்; தூரத்தில் பிம்பம் மீதமிருக்கும்.

இது கெட்டது என்றும் சொல்ல முடியாது. முன்னால் கூழாங்கற்கள், பின்னால் மலையின் பிம்பம் என்று இரண்டும் வேண்டுமென்றால் இதைத்தான் பயன்படுத்த வேண்டும். எனவே வளையத்தை மெதுவாக ஒரு முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள், திரையில் தண்ணீரை மட்டும் கவனித்தபடி. எங்கே பிடித்திருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். முழுக் கண்ணாடி ஏரி வேண்டும் என்றால் கழற்றி உறைக்குள் போடுங்கள். மாட்டியிருக்கும்வரை அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுகொண்டிருக்கும், சாயங்காலத்தில் அது சும்மா விடக்கூடிய அளவல்ல.

இரண்டு விஷயங்களை மறந்துவிடுவார்கள். கேமராவைக் கிடைமட்டத்திலிருந்து செங்குத்தாகத் திருப்பினால் ஃபில்டரும் கூடவே திரும்பிவிடும். மறுபடி சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, வானத்தை இது கருநீலமாக்குவது சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள பகுதியில்தான். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலை விரித்துக்கொண்டு மணிக்கட்டைச் சுழற்றினால் கட்டைவிரல் தொடும் வானம் அது. 24 மி.மீ. அல்லது அதற்கும் அகன்ற லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளுத்தும் பட்டை விழுந்த மாதிரி வரும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

காற்று அடங்கும் முன் ஒரு ஒதுக்கிடம்

ஏரி நடுவில் அலை இருந்தாலும் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தக் கரையை ஒட்டி, மரங்களோ மேடோ தடுக்கும் இடத்தில் தண்ணீர் அமைதியாக இருக்கும். நாணல் நடுவே, பாறைகளுக்கு இடையே, மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு சின்னக் குட்டை போதும். கேமராவைத் தண்ணீருக்கு அருகே தாழ்த்தி வைத்தால் அந்த மூன்று மீட்டரே சட்டத்தின் கீழ்ப்பாதியை நிரப்பிவிடும். தாழ வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: பார்வை நீரோடு எவ்வளவு சரிந்து போகிறதோ அவ்வளவு அதிகமாக நீர் ஒளியைத் திருப்பும், பிம்பம் பளிச்சென்று தெரியும். ரொம்பவும் தாழ்ந்தால் கரையோரக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். முழங்கால் உயரத்தில் தொடங்கி மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள்.

மிதக்கும் இலைகளை எடுக்கவும் இதுதான் நேரம். இருக்கிற இலையைத் தேடி எடுங்கள். கொத்தாகப் பறித்துப் போட்ட இலைகள் எப்படிப் போட்டாலும் பறித்துப் போட்டதாகத்தான் தெரியும்.

ட்ரைபாட்டைத் தண்ணீரில் வைப்பதாக இருந்தால் கடைசித் துண்டை, அதாவது மிக மெல்லியதை, முதலில் முழுக்க நீட்டுங்கள். அப்போது பூட்டு தண்ணீருக்கும் சேற்றுக்கும் மேலே இருக்கும். காலை வைத்ததும் கையால் அழுத்திச் சேற்றில் இறக்கிவிட்டு, ஒரு நிமிடம் கழித்து மட்டம் பார்த்து அதன் பிறகு எடுங்கள். அழுத்தாமல் வைத்தால் 10 விநாடி எக்ஸ்போஷருக்குள் ஒரு கால் அரை மில்லிமீட்டர் இறங்கினாலே படம் போச்சு. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். லென்ஸிலோ கேமராவிலோ உள்ள ஆட்டத் தடுப்பை நிறுத்திவிடுங்கள்.

ஃபோகஸ் எங்கே வைப்பது

பிம்பம் நீரின் மேல்பரப்பில் ஒட்டியிருப்பதாக மனம் நினைக்கும். லென்ஸுக்கு அப்படி இல்லை. ஏரியில் தெரியும் மலை, நிஜ மலை இருக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி மிதக்கும் இலைமேல் ஃபோகஸ் வைத்தால் அந்த இலைக்குப் பக்கத்திலேயே தெரியும் மலைப் பிம்பம் மங்கலாக வரும். தண்ணீரும் கூர்மை, பிம்பமும் கூர்மை என்றால் இரண்டு தூரமும் ஆழப் புலத்துக்குள் (படத்தில் கூர்மையாக வரும் தூர எல்லைக்குள்) வர வேண்டும்.

எளிய வழி: சட்டத்துக்குள் உள்ள மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தைக் கணித்து, அதைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில் ஃபோகஸ் வையுங்கள். ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ., எஃப்/11 என்றால் சுமார் 1.8 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 0.9 மீட்டரிலிருந்து முடிவிலி வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். 35 மி.மீட்டருக்கு அந்தத் தூரம் 3.7 மீட்டராகிவிடும், அருகே கூர்மை தொடங்குவது 1.9 மீட்டரிலிருந்து. "ஏற்கத்தக்க" என்பது கொஞ்சம் தாராளமான சொல். பெரிதாக அச்சிடப் போகிறீர்கள் என்றால் இதைவிடச் சற்றுத் தள்ளி ஃபோகஸ் வைப்பது நல்லது. அருகே அவ்வளவு ஒட்டி எதுவும் இல்லையென்றால் இந்தக் கணக்கே வேண்டாம், எதிர்க்கரையில் வைத்துவிடுங்கள்.

திரையில் பெரிதாக்கிக் கூர்மை பார்த்து, பிறகு ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்.

நிழல் ஏறும் நேரம்

மேற்கு முகட்டுக்குப் பின்னால் சூரியன் போனதும் கரையில் உள்ளவர்கள் பையைக் கட்டத் தொடங்குவார்கள். நீங்கள் கட்டாதீர்கள். நீங்கள் நிற்கும் கரை நிழலுக்குள் வரும், நிழல் ஏரியைக் கடந்து எதிர்மலையின் அடிவாரத்தில் ஏறத் தொடங்கும், சிகரம் மட்டும் வெயிலில் இருக்கும். தண்ணீருக்குள் வெயில் விழாததால் உள்ளேயிருந்து சிதறிவரும் வெளிச்சம் இல்லை. கருத்த நீரில் வெயில் பட்ட மலை மட்டும் தெரிகிறது. பிம்பம் அழுத்தமாக வருவது இதனால்தான். முன்பு மேற்குக் கரை என்று சொன்னதன் காரணமும் இதுவே. காற்றும் ஏறக்குறைய இதே நேரத்தில் அடங்கத் தொடங்கும்.

வேகமாக வேலை செய்ய வேண்டிய நேரம் இது, அதனால் சட்டத்தை முன்கூட்டியே அமைத்து வைத்திருங்கள். மலையின் உச்சிக்கு மேலே விட்ட அதே அளவு இடத்தைப் பிம்பத்தின் உச்சிக்குக் கீழேயும் விடுங்கள். தலைகீழ்ச் சிகரத்தின் நுனி வெட்டுப்பட்ட படங்கள் ஏராளம். அடிவானத்தை நடுவில் வைக்கக் கூடாது என்ற விதி முழுப் பிம்பப் படத்துக்கு இல்லை.

கரைக்கோட்டை வைத்து மட்டம் பார்க்காதீர்கள். எதிர்க்கரை உங்களிடமிருந்து சாய்வாக விலகிப் போனால், உண்மையில் மட்டமாக இருந்தாலும் படத்தில் சரிவாகத் தெரியும்; அதை நேராக்கப் போனால் மொத்தப் படமும் கோணலாகும். நம்பத்தக்க சோதனை ஒன்று உண்டு: ஒரு மரத்தின் உச்சியும் அதன் பிம்பத்தின் உச்சியும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். சட்டத்தின் நடுவில் உள்ள மரமாகப் பார்த்து, திரையின் கட்டக் கோட்டோடு ஒப்பிடுங்கள்.

இனி எக்ஸ்போஷர். வெயில் பட்ட சிகரமும் நிழலில் உள்ள கரைக் கற்களும் ஒரே படத்தில் அடங்காமல் போகலாம். சிகரத்தின் வெளிச்சம் வெந்துபோகாமல் இருக்கும் எக்ஸ்போஷரை முதலில் எடுங்கள். நிழலை ராவிலிருந்து மீட்கலாம், வெந்த வெண்மையை மீட்க முடியாது. நிழல் மிகவும் கறுத்தால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள், கேமராவின் தானியங்கி வரிசையில், ஒரே மூச்சில். நடுவே காற்று வீசினால் மூன்று படங்களிலும் அலை வேறு வேறாக இருக்கும், ஒட்டும்போது தண்ணீர் இரட்டிப்பாகத் தெரியும். மேல்பாதி கருத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் இங்கே அவ்வளவு உதவாது, சிகரம் அதன் கருப்புப் பகுதிக்குள் நீட்டிக்கொண்டு அழுக்காகத் தெரியும்.

காற்று அடங்கவே இல்லை என்றால்

என்டி ஃபில்டரை எடுங்கள். 6 ஸ்டாப் என்றால் வெளிச்சம் 64 மடங்கு குறைகிறது. 1/8 விநாடி 8 விநாடியாகும், அரை விநாடி 32 விநாடியாகும். சிற்றலை எல்லாம் கரைந்து தண்ணீர் பட்டுத் துணிபோல் வரும். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: நீண்ட எக்ஸ்போஷர் அலையை மறைக்குமே தவிரக் கண்ணாடி ஏரியை உண்டாக்காது. மலையின் உருவம் வராது, அதன் நிறம் மட்டும் நீரில் செங்குத்தாகப் பூசியதுபோல் இழுபடும். எதிர்க்கரையில் மஞ்சளும் சிவப்பும் நிறைய இருந்தால் அதுவே நல்ல படம்.

ஃபோகஸையும் சட்டத்தையும் ஃபில்டர் போடும் முன் முடித்துவிடுங்கள். உள்ளே சாய்கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் வகைக் கேமராவாக இருந்தால் பார்வைத் துளையை மூடுங்கள், பின்னாலிருந்து வெளிச்சம் நுழைந்து படத்தில் கறை விழும். இவ்வளவு நேரத்தில் கரைமர இலைகள் அசைந்து மங்கும். வேகமான ஷட்டரில் இன்னொரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு இலைகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சூரியன் மறைந்த பிறகு

சிகரத்தின் வெயில் அணைந்ததும் ஐந்து நிமிடம் எல்லாம் சாம்பல் நிறமாக, முடிந்துபோனதுபோல் இருக்கும். பொறுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே அடிவானத்தை ஒட்டி இளஞ்சிவப்புப் பட்டையும் அதன் கீழே சாம்பல்நீலமும் எழும். சாம்பல்நீலம் வளிமண்டலத்தில் விழும் பூமியின் நிழல். மலைமுகத்தில் அந்தச் சிவப்பு மெல்லியதாகத் திரும்பி விழுவதும் உண்டு. கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் கேமரா அதை வாங்கிக்கொள்ளும்.

வெளிச்சம் சில நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஐந்து நிமிடம் முன்பு சரியாக இருந்த ஷட்டர் வேகத்தை நம்பாமல் ஒவ்வொரு படத்துக்கும் ஹிஸ்டோகிராம் பாருங்கள். இருட்டில் திரை மிகப் பளிச்சென்று தெரிவதால் கருத்துப்போன படமும் கண்ணுக்குச் சரியாகத் தோன்றும். 30 விநாடியைத் தாண்ட வேண்டிவந்தால் ஐஎஸ்ஓவை 200, 400 ஆக்கலாம்.

இலையுதிர்காலத்தில் ஏரி நீர் காற்றைவிடச் சூடாக இருக்கும். காற்றசைவு நின்று குளிர் இறங்கும்போது நீர்மேல் ஆவிபோல் மென்மூடுபனி எழலாம். பெரும்பாலும் விடியலில், சில நாள் மாலையிலேயே. அப்போது லென்ஸிலும் ஈரம் படியும், ஒவ்வொரு படத்துக்கும் முன் கண்ணாடியை விளக்கு அடித்துப் பாருங்கள்.

போன் மட்டும் இருந்தால்

லென்ஸைத் துடையுங்கள், முக்கால்வாசிக் குறை அதில் தீரும். மிக அகன்ற லென்ஸை விட்டு முதன்மை லென்ஸைப் பயன்படுத்துங்கள். திரையில் சிகரத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தண்ணீரிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்துக்கு வந்துவிடும், பெரிய கேமராவால் எளிதில் முடியாத கோணம் அது. கை ஈரமாக இருந்தால் செய்ய வேண்டாம்.

திரும்பும்போதும் வீட்டிலும்

ஈர இலை மூடிய பாறை பனிக்கட்டி மாதிரி வழுக்கும், அடியில் பள்ளம் இருப்பதும் தெரியாது. தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு, ட்ரைபாட்டை மடக்கிப் பையில் கட்டிவிட்டு, இரண்டு கையும் காலியாக நடங்கள். கரையோரச் சேற்றுச் செடிகளை மிதித்துக் குறுக்கே போகாமல் வந்த வழியே திரும்புங்கள். எந்த ஏரிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்க வேண்டும்.

குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸுக்கு உள்ளேயும் நீர்த்துளி படியும். வெளியே இருக்கும்போதே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஓரிரு மணி நேரம் அப்படியே வையுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும். கார்டு கையில் இருப்பதால் காத்திருக்கும் நேரத்தில் படங்களைப் பார்க்கலாம். ட்ரைபாட் கால்களை நல்ல நீரில் கழுவி, நீட்டிய நிலையிலேயே உலர விடுங்கள்.

படத்தைத் திருத்தும்போது நிறச் செறிவை ஏற்றுவதில் கை தானாகவே போகும். மஞ்சள் எல்லாம் ஆரஞ்சாகி, எல்லா மரமும் ஒரே மரம்போல் ஆன இடத்தில் நிறுத்திப் பின்வாங்குங்கள். நிழலை உயர்த்தும்போது ஏரியைக் கவனியுங்கள்: தண்ணீர் விழுந்த ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்புகிறது, ஆகவே பிம்பம் நிஜ மலையைவிட எப்போதும் சற்று இருட்டாகவே இருக்க வேண்டும். பிம்பம் மலையைவிடப் பளிச்சென்று இருந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ பொய் என்று பட்டுவிடும். கடைசியாகப் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி வானத்தையும் அமைதியான நீரையும் மூலைக்கு மூலை பாருங்கள். எஃப்/11இல் சென்சார் தூசி மங்கிய வட்டங்களாகத் தெரியும். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும் என்பதால் ஒன்றில் அழித்து மற்றவற்றுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். நகலெடுத்த பிறகு ஒவ்வொரு படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், தூசி இருந்த இடத்தில் அடுத்த படத்தில் சிகரத்தின் நுனி வந்திருக்கும்.